கொழும்பில் இருந்து அமெரிக்கக் கிளினிக்குக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன். மாறிக்கொண்டே இருக்கும் கோட்களுக்கு எப்படி ஈடுகொடுப்பது?

பம்பலப்பிட்டியில் ஒரு பில்லிங் கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், நைட் ஷிப்ட், அமெரிக்கக் குடும்ப வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்குக் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸ் பில்லுக்கான கோட்களாக மாற்றுவது), இவ்வளவு கோட்டையும் எப்படிப் பாடமாக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையில் பல வருடமாக இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பாடமாக்க மினக்கெடாதீர்கள்.

நோய்களுக்கான கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் 70,000க்கு மேல் கோட் இருக்கிறது. உங்கள் டொக்டரிடம் வருகிறவர்களுக்குப் பிரஷர், சலரோகம், கொலஸ்ட்ரோல், தைரொயிட், நாரி நோ, இருமல். கடந்த ஒரு வருடத்தில் அந்தக் கிளினிக் பாவித்த கோட்களை, அதிகம் பாவித்தது மேலே வரும்படி ஒரு ரிப்போர்ட் எடுத்துத் தரச்சொல்லி டீம் லீடரிடம் கேளுங்கள். உங்கள் புத்தகம் அந்த இரண்டு மூன்று பக்கம்தான். புது மாற்றம் வந்தால் அதோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் வேறு ஆட்களின் தலையிடி.

எப்போது மாறும் என்பதில் குழப்பமே இல்லை. ஐசிடி ஒக்டோபர் 1, கொஞ்சம் ஏப்ரல் 1. டொக்டர் செய்த வேலைக்கான சிபிடி கோட்கள் ஜனவரி 1. மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கான எச்சிபிசிஎஸ்ஸும், எந்தக் கோட்களைச் சேர்த்துப் பில் போடக்கூடாது என்று சொல்கிற என்சிசிஐ எடிட்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நோயாளியை டொக்டர் பார்த்த திகதிக்குரிய கோட்தான் போகவேண்டும், நீங்கள் பில் அனுப்புகிற திகதிக்குரியது அல்ல. கொழும்பில் செப்டெம்பர் 30 நள்ளிரவு தாண்டும்போது நியூயோர்க்கில் 30ஆம் திகதி பிற்பகல் இரண்டரை மணி. அங்கே இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் பழைய கோட்தான். நமது சுவர்க் கலண்டரைப் பார்த்து அன்றிரவே மாற்றிவிட்டு முழிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றம் எங்கே கடிக்கும் என்பதற்கு நாரி நோவையே எடுப்போம். எம்54.5 என்பது எந்தக் குடும்ப வைத்தியரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கோட். 2021 ஒக்டோபர் 1இல் அது செல்லாமல் போய், எம்54.50, எம்54.51, எம்54.59 என்று மூன்றாகப் பிரிந்தது. எங்கள் டீமில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் நாங்கள் பார்த்த ஒரு கிளினிக்கில், டொக்டரின் சிஸ்டத்தில் அடிக்கடி பாவிக்கும் கோட் பட்டியலில் பழையது அப்படியே கிடந்தது. அவர் அமத்த அமத்த அதுதான் வந்தது.

அப்படிப் போன க்ளெய்ம்கள் இன்சூரன்ஸ் வரைக்கும் போகவே இல்லை, இடையில் இருந்து பில்லைச் சரிபார்த்து அனுப்புகிற க்ளியரிங்ஹவுசிலேயே நின்றுவிட்டன, இதைத்தான் ரிஜெக்‌ஷன் என்கிறோம். இன்சூரன்ஸ் மறுத்திருந்தால் சிஓ-146 என்று காரணம் எழுதி ஒரு பதில் வரும், யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். ரிஜெக்‌ஷன் அப்படியல்ல. அது வேறு ஒரு திரையில் சத்தமில்லாமல் குவியும், காசு வராததை யாரோ கவனிக்கும் வரை கிடக்கும். அமெரிக்க அரசின் முதியோர் இன்சூரன்ஸான மெடிக்கேருக்குப் பார்த்த நாளில் இருந்து ஒரு வருடம் தவணை இருக்கிறது. தனியார் இன்சூரன்ஸ்களில் சில மூன்று மாதத்தோடு கதவைச் சாத்திவிடும். ஆகவே ஒக்டோபர், ஜனவரி இரண்டு மாதமும் ஷிப்ட் தொடங்கியவுடன் முதல் வேலையாக ரிஜெக்‌ஷன் பட்டியலைத் திறவுங்கள். அதோடு செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே கிளினிக் மனேஜருக்கு, டொக்டரின் பட்டியலில் இன்னின்ன கோட்களை மாற்றவேண்டும் என்று ஒரு சின்ன ஈமெயில். நான்கு வரி போதும். நீளமாக எழுதினால் வாசிக்கமாட்டார்கள்.

அந்த மூன்றில் எம்54.51 முள்ளந்தண்டு எலும்பின் முனைத்தட்டில் இருந்து வருகிற நோவுக்கு உரியது. 50 மொட்டையாக இருக்கிறது, 51 விபரமாகத் தெரிகிறது என்று அதைப் போடக்கூடாது, டொக்டர் எழுதியிருந்தால் மட்டும்தான். கேட்கவேண்டி வந்தாலும் "இதைப் போடட்டுமா டொக்டர்?" என்று கேட்க ஏலாது. பதிலை நாமே ஊட்டுகிற மாதிரிக் கேட்டால் ஓடிட்டில் அகப்படும். நோவின் காரணத்தை மேலும் விபரமாகத் தரமுடியுமா என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சலரோகமும் நாட்பட்ட சிறுநீரக நோயும் ஒரே குறிப்பில் இருந்தால், ஒன்றால் மற்றது வந்தது என்று டொக்டர் எழுதாவிட்டாலும் இரண்டையும் சேர்த்து, வகை 2 என்றால் ஈ11.22 போடலாம், கூடவே என்18இல் சிறுநீரக நோயின் கட்டம். சம்பந்தமில்லை என்று அவர் தெளிவாக எழுதியிருந்தால்தான் பிரிக்கவேண்டும். இப்படியான விதிகள் கோட் பட்டியலில் இல்லை, ஐசிடியோடு வருகிற அதிகாரபூர்வ வழிகாட்டியில் இருக்கின்றன. அதன் முதல் பகுதியை வடிவாக வாசித்தவருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அதுவும், என்ன சேர்ந்தது, என்ன நீங்கியது என்று மட்டும் சொல்கிற அடெண்டா கோப்பும் அமெரிக்க சிடிசியின் தளத்தில் இலவசம். வட்ஸ்அப் குறூப்பில் சுற்றுகிற பிடிஎப்பை நம்பவேண்டாம், எந்த வருடத்தது என்றே தெரியாது. சிபிடி மட்டும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து, காசு கட்டவேண்டும். அது கம்பனியின் செலவு, உங்களுடையதல்ல.

சென்னைக்காரர்கள் தமிழில் போடுகிற யூடியூப் வீடியோக்கள் நல்லவை, நானும் பார்ப்பேன். திகதியை மட்டும் பாருங்கள். 2021 ஜனவரிக்கு முந்தியவை 99213, 99214 போன்ற விசிட் கோட்களுக்கு, நோயின் வரலாற்றையும் பரிசோதனையையும் எண்ணி எண்ணிப் புள்ளி போடச் சொல்லித்தரும். இப்போது டொக்டர் எடுத்த முடிவின் சிக்கல், அல்லது அன்று செலவழித்த நேரம், இரண்டில் ஒன்றுதான் கணக்கு. நேரத்தை வைத்துப் போட்டால் 99213க்குக் குறைந்தது 20 நிமிடம், 99214க்கு 30. குடும்ப வைத்தியருக்குக் காசு வருகிற இடமே இதுதான், ஆகவே இருநூறு புது ஐசிடி கோட்டை விட இந்த ஒரு பகுதியில் நேரம் போடுங்கள்.

கோடிங் செய்கிறவர்களுக்கான சிபிசி சான்றிதழ்ச் சோதனை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுங்கள், ஆனால் இன்னும் ஒரு வருடம் வேலை பழகிவிட்டு. சித்தியடைந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளி காட்டவேண்டும், அங்கத்துவப் பணமும் டொலரில் போகும். கம்பனி எதைக் கட்டும், எதைக் கட்டாது என்பதைச் சோதனைக்குப் பதியமுன்னரே எச்ஆரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள்.