வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள்

அன்புள்ள அம்மா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். வருகிற அக்டோபரில் எங்களை ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியில் வாஷிங்டன் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். வண்டியை அவன் ஓட்டுவான். ஆனால் பகலில் அதிலேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்க வேண்டுமாம். ஊரை நாங்கள் இருவரும்தான் சுற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளை மாளிகை வாசல் வரைக்கும் வண்டியிலேயே போய், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்கிறார் இவர். எனக்கு முழங்கால் வலி. வேலிக்கு வெளியே நின்று ஒரு கட்டடத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா? நீங்களும் உங்கள் கணவரும் இப்படி ஒரு வண்டியில் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். போகலாமா, வேண்டாமா, சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் போங்கள். ஆனால் ஒரே நாளில் வேண்டாம். ஊருக்குள் வண்டியோடும் போக வேண்டாம்.

நாங்கள் முதல் நாள் அந்தத் தவறைத்தான் செய்தோம். இருபத்தைந்து அடி வண்டியை ஊர் நடுவே கொண்டுபோய், நிறுத்த இடம் தேடியே மூன்று மணி நேரம் போய்விட்டது. வாஷிங்டன் நினைவுத்தூணைக் கண்ணாடி வழியாக நான்கு முறை பார்த்தோம், ஒரு முறைகூட இறங்கவில்லை. அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வெள்ளை மாளிகைக்கு முன்னால் இருக்கும் பென்சில்வேனியா அவென்யூவில் 1995லிருந்து வண்டிகளே விடுவதில்லை. நடந்துதான் போக முடியும்.

வழியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து வரும் பெரிய சாலை பால்டிமோரில் தண்ணீருக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. வீட்டு வண்டியில் சமையலுக்குக் கேஸ் இருக்கும், கேஸோடு அந்தச் சுரங்கங்களுக்குள் போகக் கூடாது. ஊரை மேற்கே சுற்றிப் போகும் 695ஆம் எண் சாலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், சில சாலைகளில் பாலம் தாழ்வு. நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ் இதைவிட நீளம். மகன் பின்னால் எடுக்கும்போது அவர் இறங்கி நின்று கை காட்டினால் போதும், அதைவிட நல்ல துணை கிடைக்காது.

மேரிலாந்துப் பக்கம் காலேஜ் பார்க்கில் இந்த வண்டிகளுக்கென்றே தங்குமிடம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றையும் அங்கே மாட்டிக்கொள்ளலாம். கழிவுத் தொட்டி இரண்டு இருக்கும். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிட வேண்டும், அப்புறம்தான் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர். அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். ரசத்துக்குத் தாளிக்கும் முன்னால் கூரை ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும்.

காலேஜ் பார்க் ஸ்டேஷனில் பச்சை லைன் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே ஊர் நடுவில் இறங்கலாம். எல்லா ஸ்டேஷன்களிலும் லிஃப்ட் உண்டு. நீங்கள் இறங்க வேண்டியது லாம்ஃபாம் பிளாசா. அந்தப் பெயருக்குரிய பியேர் லாம்ஃபாம் ஒரு பிரெஞ்சுக்காரர். 1791இல் வாஷிங்டன் நகரத்துக்கு வரைபடம் போட்டவர் அவர்தான். அடுத்த வருஷமே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1825இல் ஏழையாகச் செத்தார்.

புதுச்சேரிக்காரியான எனக்கு அவரிடம் தனிப் பிரியம். நேர்கோடாக ஓடும் தெருக்களும் நடுவில் ஒரு வாய்க்காலும் நாங்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பவை. வாஷிங்டனிலும் ஒரு வாய்க்கால் இருந்தது. நாற்றம் தாங்காமல் அதை மூடி மேலே சாலை போட்டார்கள். இன்றைய கான்ஸ்டிடியூஷன் அவென்யூ அதுதான். பதினேழாம் தெரு முனையில் வாய்க்கால் காவல்காரர் வீடு மட்டும் சின்னதாக நிற்கிறது. பெரிய கட்டடங்களுக்கு நடுவில் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோகும் வீடு. நீங்கள் நின்று பாருங்கள்.

இரண்டு நாள் இருந்தால் இரண்டே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஃப்ரீயர் கலைக்கூடம். அங்கே இருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எதற்கும் கட்டணம் கிடையாது. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, தான் ஒரு முறைகூடக் கால் வைக்காத அந்த நாட்டுக்குத் தன் சொத்தை எழுதி வைத்தார், அதில் உருவானவைதான் இவை. சக்கர நாற்காலியும் இலவசமாகத் தருவார்கள், கேட்கத் தயங்காதீர்கள். ஃப்ரீயரில் பத்தாம் நூற்றாண்டுச் சோழ வெண்கலம் ஒன்று உண்டு. பார்வதியாக வடித்த செம்பியன் மாதேவி என்று சொல்கிறார்கள். உங்கள் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலைக் கல்லால் எடுப்பித்தாரே, அதே அரசிதான். நீண்ட கை, மெலிந்த இடை, எதற்கும் அவசரமில்லாத நிற்பு. விருத்தாசலத்தில் சாமி கும்பிட்ட உங்களுக்கு, அவளை அவ்வளவு தூரத்தில் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தொண்டை அடைத்தது. பெருமையும் துக்கமும் சேர்ந்தே வந்தன.

இரண்டாம் நாள் வியட்நாம் நினைவுச் சுவர். 1982இல் திறந்தார்கள். போட்டிக்கு வந்த 1,421 வரைபடங்களில் யார் போட்டது என்று தெரியாமலே தேர்ந்தெடுத்தது மாயா லின் என்ற கல்லூரி மாணவி போட்டதை. அப்போது அவருக்கு வயது 21. சிலை கிடையாது, கொடி கிடையாது, வெறும் கறுப்புச் சுவர் என்று பலர் சண்டை போட்டார்கள். வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கப் படையினரின் பெயர்கள், செத்த தேதி வரிசையில், 58,000க்கும் மேல். தரை மெல்லச் சரிய, சுவர் உங்கள் தலைக்கு மேல் உயர்ந்துகொண்டே வரும். கல்லை அப்படி வழவழப்பாக இழைத்திருப்பதால் பெயர்களுக்கு நடுவில் உங்கள் முகம் தெரியும். என் பக்கத்தில் ஒரு முதியவர் ஒரு பெயர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அதைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. என் கணவர் காகிதத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கல் பெங்களூர்ப் பக்கத்தில் வெட்டியது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள். வியட்நாமும் எங்கள் ஊருக்கு அந்நியம் இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்க்கச் சைகோன் போன குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய, என் பெரியப்பாவும் அப்படிப் போனவர்தான். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோற்றார்கள், அதே வருஷம் நவம்பர் 1 அன்று எங்கள் ஊரும் கைமாறியது. அவர்கள் விட்டுப்போன இடத்தில் அமெரிக்கா நுழைந்ததன் கணக்குதான் அந்தச் சுவர். இங்கே கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னத்தை எத்தனையோ முறை கடந்து நடந்திருக்கிறேன். அமெரிக்கா போய் வந்த பிறகுதான் நின்று அதைப் பார்த்தேன்.

சுவரிலிருந்து லிங்கன் மண்டபம் கொஞ்ச தூரம்தான். படி ஏற வேண்டாம், அங்கேயும் லிஃப்ட் இருக்கிறது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய இடத்தைப் படியிலேயே குறித்திருக்கிறார்கள்.

வெள்ளை மாளிகை? கால் வலி இல்லாவிட்டால் பாருங்கள்.

மூன்றாவது நாள் கிடைத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம். டிக்கெட் வாங்கினால் உள்ளே சுற்றிக் காட்டும் வண்டியிலேயே மேட்டுக்குப் போய்விடலாம். லாம்ஃபாமின் உடலை 1909இல் அங்கே கொண்டுவந்து மறுபடி அடக்கம் செய்தார்கள். கல்லறை மேல் அவர் போட்ட வரைபடத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து நிமிர்ந்தால் எதிரே முழு நகரம். உங்கள் வீட்டுக்காரர் வண்டியிலேயே சுற்ற நினைத்த தெருக்களை அங்கே நின்று இரண்டு பேரும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஊர் திரும்பியதும் எனக்கு எழுதுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு எவ்வளவு நேரம், நேரிலேயே வாருங்கள்.

அன்புடன்.