அந்த ஏழு புள்ளிகள்

கேள்வி: மாஸ்டர், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளே-ஆஃப் ஆட்டங்களைப் பார்க்கிறேன். ஓடி ஆடுவது வீரர்கள். ஓரத்தில் நிற்கும் கோச்சால் ஒரு தொடரையே திருப்ப முடியுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியும். 2015 இறுதித் தொடரைச் சொல்கிறேன். நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. கிளீவ்லேண்ட் 2-1 என்று முன்னிலை. நாலாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் கோச் ஸ்டீவ் கெர், ஏழடி உயர போகட்டை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவரைவிட உயரம் குறைந்த, வேகமான இக்வொடாலாவை ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் இறக்கினார். லீக் சுற்றில் ஒருமுறைகூட முதல் ஐந்தில் இறங்காதவர் அவர். யோசனை கொடுத்தது நிக் யூரன் என்ற உதவியாளர். முந்தைய வருஷ இறுதித் தொடரின் வீடியோவில் சான் அன்டோனியோ இதே மாதிரி மாற்றியதைக் கவனித்திருக்கிறார்.

ஆட்டம் தொடங்கியதும் கோல்டன் ஸ்டேட் 0-7 என்று பின்தங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கெர் மனசு மாறவில்லை. உயரமான ஆள் இல்லாததால் எதிரணியின் மோஸ்கோவ் 28 புள்ளிகள் எடுத்தார். சரி, எடுக்கட்டும் என்று விட்டார். வேகத்தில் 103-82 என்று ஜெயித்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த ஆட்டம்தான். அந்த வேகத்துக்குப் பயந்து, கிளீவ்லேண்ட் கோச் டேவிட் பிளாட் தானும் உயரம் குறைந்த ஆட்களை வைத்து ஆடும் அணிக்கு மாறினார். 28 எடுத்த மோஸ்கோவுக்கு வெறும் ஒன்பது நிமிடம். அவர்களுடைய நட்சத்திர வீரர் லெப்ரான் 40 புள்ளிகள் எடுத்தும் தோல்வி. எதிராளி விரும்பிய ஆட்டத்தைத் தானே ஆடப்போனது பிளாட் செய்த தவறு என்றே இன்றும் சொல்வேன். தொடர் 4-2 என்று முடிந்தது. தொடரின் சிறந்த வீரர் இக்வொடாலா.

பெரம்பூரில் சாயங்காலம் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன வருஷம் ராயபுரத்தில் ஒரு மேட்ச். எங்கள் நெட்டைப் பையனுக்குப் பதிலாக, வேகமாக ஓடும் ஒரு குள்ளப் பையனை முதலில் இறக்கினேன். வரிசையாக இரண்டு கூடை வாங்கியதும் பதறிப்போய் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டேன். தோற்றோம். பஸ்ஸில் திரும்பும்போது அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அடுத்த போட்டியில் முதல் குவார்ட்டர் முழுக்க அவன்தான் ஆடுவான். அவனிடமே சொல்லிவிட்டேன்.