முதலில் தெருப்பக்கம் ஒரு வாசல்

பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் பகிர்ந்துகொள்ளும் நூலகத்திற்குத் தரநிலைகளை எதிலிருந்து வகுக்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஏதோவோர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருப்பவராகத் தெரிகிறது. ஆளுக்கு எத்தனை நூல், எத்தனை சதுர அடி என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தெருவிலிருந்து நேராக நுழைய வாசல் உண்டா, அதன் சாவி யார் கையில் இருக்கும் என்பதை முதலில் எழுதுங்கள்.

வடசென்னையில் காசிமேட்டுக்கு அருகே ஒரு பள்ளி வளாகத்திற்குள் இருந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். இரவெல்லாம் கடலில் கிடந்து, கரையேறி, மீனை ஏலத்தில் விட்டுவிட்டு நாளிதழ் படிக்க வருபவர்களுக்கு முற்பகல்தான் ஓய்வு. பள்ளிக்கோ அது பாட வேளை. லுங்கியோடு வரக் கூடாது என்று முதலில் வாசலில் நிறுத்தினார்கள். பிறகு காவலரிடம் பெயரும் முகவரியும் எழுதிவிட்டுப் போகச் சொன்னார்கள். அதன்பின் எவரையும் நிறுத்த வேண்டிய தேவையே எழவில்லை, ஏனெனில் யாரும் வரவில்லை. மாலையில் பள்ளி விட்டதும் கதவு பூட்டப்பட்டதால், ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லாமல் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாரான பெண்களுக்கும் அந்த அறை உதவவில்லை. பொதுத்தேர்வு வந்தால் வளாகம் தேர்வு மையம், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. அந்நாள்களில் நூலகம் எங்கே இயங்கும் என்று எவரும் யோசித்திருக்கவில்லை.

நான் பள்ளிக்கு எதிரி என்று பின்னூட்டம் எழுதப் புறப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த தலைமை ஆசிரியையின் அச்சம் முற்றிலும் நியாயமானது. அதனால்தான் வாசலைப் பிரிக்கச் சொல்கிறேன். பாட வேளையில் வகுப்புகளுக்கென ஒரு பகுதியைத் தடுத்து வைத்துவிட்டால், அவருடைய அச்சத்திற்கும் வாசகரின் உரிமைக்கும் மோதல் வராது.

வெளிநாட்டுத் தரநிலைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. தென் ஆஸ்திரேலியாவில் இத்தகைய நூலகங்கள் பெரும்பாலும் தனியாகப் பொது நூலகம் வைக்க இயலாத சிற்றூர்களுக்காக ஏற்பட்டவை. வடசென்னையில் ஆளுக்குப் பஞ்சமில்லை, இடத்திற்குத்தான் பஞ்சம். இருந்தாலும் இரு நிர்வாகங்களும் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கத்தை அங்கிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் நூலகத்தில் அது இல்லாததால், தொலைந்த நூல் பள்ளியின் இருப்புப் பதிவேட்டைச் சேர்ந்ததா, நூலகத்தின் பதிவேட்டைச் சேர்ந்ததா என்ற தகராறே ஓயவில்லை, மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். இன்று அது சொத்து வரியில் 10 சதவீதம். அந்தப் பணத்தில் வாங்கிய நூலைத் தொட, அந்த வரியைக் கட்டியவன் காவலரிடம் அனுமதி கேட்டு நிற்பது எந்த ஊர் நியாயம்? இதைச் சொன்னதற்காக ஒரு கூட்டத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

எனவே, ஆசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாகத் தராமல் பயிற்சி பெற்ற முழுநேர நூலகர் ஒருவரை அமர்த்துவதையும், அவரிடமே சாவி இருப்பதையும், மாலையிலும் பள்ளி விடுமுறையிலும் நூலகம் திறந்திருப்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். எந்தச் சுவரை இடித்து வாசல் வைப்பது என்பதை அடுத்த குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி, அலமாரிக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன் இரு தரப்பிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.