ஆலைக்கு அருகில் குடியிருப்போர் எந்த உலோகப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்?

கேள்வி: பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் பிரிக்கும் ஆலையிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் குடியிருக்கிறோம். வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள், மனைவி கருவுற்றிருக்கிறார். தலைமுடியையும் சிறுநீரையும் கொண்டு இருபது உலோகங்களை அளப்பதாகவும், அளவு கூடியிருந்தால் அவற்றை வெளியேற்ற மருந்து தருவதாகவும் ஓர் ஆய்வகம் விளம்பரம் செய்கிறது. செய்துகொள்ளலாமா?

பதில்: அந்தத் தொகுப்புப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது, குழந்தைக்கும் மனைவிக்கும் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈயத்தின் அளவைக் காணும் ஒரே ஒரு பரிசோதனை. அருகிலுள்ள ஆலை எதை உருக்குகிறது, எதை வெளியேற்றுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்த உலோகத்துக்கு உரிய பரிசோதனையை மட்டும் கேட்பதே முறை. கண்மூடித்தனமாக இருபது உலோகங்களை அளந்தால், ஏதேனும் ஒன்று வரம்பை ஒட்டி நிற்பது இயல்பு. பிறகு அந்த ஒற்றை எண்ணை வைத்தே மருந்து விற்கப்படும்.

ஒவ்வொரு உலோகமும் உடலில் தங்கும் இடமும் காலமும் வேறு. ஈயம் ரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்தாலும், எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறும்போது இந்த ஈயமும் ரத்தத்துக்குத் திரும்பிக் கருவைச் சென்றடைய முடியும் என்பதால்தான் உங்கள் மனைவிக்கும் பரிசோதனை தேவை என்கிறேன். காட்மியம் சிறுநீரகத்தில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் தங்குவதால், நெடுநாள் சேர்மானத்தைச் சிறுநீரில்தான் பார்க்க வேண்டும். ஆர்சனிக் சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். கடல் உணவில் உள்ள, பெரும்பாலும் தீங்கற்ற ஆர்சனிக் சேர்மங்கள் கணக்கைக் குழப்பும் என்பதால், பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களில் மீன் முதலியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். தலைமுடியைப் பொறுத்தவரை, ஆலைத் தூசி முடியின் மேல் படிந்திருந்தால் அது உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து ஒட்டியதா என்று பிரித்தறிவது கடினம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்திலும், தோலில் உள்ள தூசி கலந்து அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். செலேஷன் மருந்தை, அதாவது உலோகத்தைப் பிணைத்து உடலிலிருந்து வெளியேற்றும் மருந்தை, கொடுத்தபின் சிறுநீரைச் சேகரித்து அளக்கும் முறை இன்னும் மோசம். மருந்து கொடுத்தால் எவருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும். அந்த எண்ணோடு ஒப்பிடுவதற்கு ஏற்கத்தக்க அளவுகோல் ஏதும் இல்லை.

முடிவு வந்ததும் எப்படிப் படிப்பது? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது. குழந்தைகளுக்கான செலேஷன் சிகிச்சை பொதுவாக 45 மைக்ரோகிராம் அளவில்தான் தொடங்குகிறது. அதையும் அனுபவமுள்ள மருத்துவர்தான் தர வேண்டும். தவறான செலேஷன் மருந்து செலுத்தப்பட்டதால் ரத்தக் கால்சியம் சரிந்து குழந்தை இறந்ததும் உண்டு. அறிகுறிகள் தோன்றட்டும் என்று காத்திருப்பதும் தவறு. குறைந்த அளவு ஈயம் வெளியில் எதையும் காட்டாமலேயே குழந்தையின் கற்கும் திறனைப் பாதிக்கும்.

எனவே மருந்தைவிட வீட்டுத் தூசியே முக்கியம். 2010-இல் நைஜீரியாவின் ஜம்பாரா மாநிலத்தில், ஈயம் கலந்த தங்கத் தாதுவை வீடுகளிலேயே அரைத்ததால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் உயிரிழந்தனர். அங்கே கிராமங்களின் மண்ணை அகற்றிச் சுத்தம் செய்த பிறகே குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது. இல்லையேல் மருந்து வெளியேற்றியதை மண் மீண்டும் நிரப்பியிருக்கும். அந்த அளவு கொடுமை உங்கள் வீட்டில் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் வழி ஒன்றுதான்: தரையிலும் முற்றத்திலும் படிந்த தூசி கைக்குப் போகிறது, கையிலிருந்து வாய்க்குப் போகிறது.

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். காலணியை வாசலிலேயே விடுங்கள். சாப்பிடும் முன்னும் உறங்கும் முன்னும் குழந்தையின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கைச்சுத்திகரிப்புத் திரவம் கிருமியைக் கொல்லுமே தவிர, ஈயத்தை அகற்றாது. வீட்டில் எவரேனும் அந்த ஆலையில் வேலை செய்தால், வேலை உடையோடு உள்ளே வரக் கூடாது; அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். தோட்ட மண்ணைப் பரிசோதிக்கும் வரை அதில் கீரை, கிழங்கு பயிரிட வேண்டாம். கிணற்று நீர் பயன்படுத்தினால் அதையும் பரிசோதியுங்கள். கொதிக்க வைப்பதால் உலோகம் போகாது, நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், இவற்றையும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் அளவு 5-ஐத் தொட்டால், ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால், சுவரின் பழைய பெயின்ட் போன்ற வேறு மூலம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், அல்லது ஆலையின் புகையும் தூசியும் தொடர்ந்து படிந்துகொண்டிருக்கலாம். இரண்டாவது காரணத்தைத் தனி ஒரு குடும்பம் துடைத்துத் தீர்க்க இயலாது. அண்டை வீட்டுக் குழந்தைகளின் ரத்த முடிவுகளையும் சேர்த்து, மண்ணையும் காற்றையும் அளக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கோருங்கள்.