பெருஞ்சுவரையும் அரண்மனையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்

அக்டோபர் முதல் வாரம் பெய்ஜிங்கில் இரண்டே நாள், பத்து வயதுப் பையனும் ஆறு வயதுப் பெண்ணும், முதல் நாளே அரண்மனையும் (‘தடைசெய்யப்பட்ட நகரம்’ எனப்படும் பழைய பேரரசர் மாளிகை) சீனப் பெருஞ்சுவரும் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார், பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். அக்டோபர் 1 அவர்களின் தேசிய தினம். அந்த வாரம் முழுக்க நாடே விடுமுறையில் ஊர் சுற்றும். முடிந்தால் பத்தாம் தேதிக்குப் பிறகு தள்ளிப் போடுங்கள்.

பெருஞ்சுவருக்குப் படாலிங் பக்கம் போகாமல் முதியான்யூ போங்கள், கூட்டம் குறைவு. மேலே போக நாற்காலி லிஃப்ட் இருக்கிறது. இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்: உலோகத் தடத்தில் வழுக்கிக்கொண்டு வரும் சின்ன வண்டி. நடுவில் ஒரு கைப்பிடி; முன்னால் தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். சின்னவளை உங்கள் வண்டியிலேயே உட்கார வையுங்கள். மழை பெய்தால் ஓட்ட மாட்டார்கள், அதனால் எந்த நாள் போவது என்பதை வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள்.

அரண்மனைக்கு இன்னொரு நாள் காலை. திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. டிக்கெட்டை ஏழு நாள் முன்பே, பிள்ளைகளுக்கும் சேர்த்து, பாஸ்போர்ட் எண் கொடுத்து இணையத்தில் எடுத்துவிடுங்கள். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கே வெளியே வந்தால் எதிரிலேயே ஜிங்ஷான் பூங்கா. அந்தக் குன்றில் ஏறிப் பார்த்தால் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் மொத்தமும் தெரியும்.

அப்புறம், அங்கே பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப், கூகுள் அங்கே சாதாரணமாக வேலை செய்யாது.