சென்சார், அளவீட்டுப் பொறியியல் முதுநிலைப் படிப்பு: வாசகர் கேள்விகள்

இளநிலையில் மெக்கானிக்கல் படித்தேன். சர்வதேச முதுநிலைப் படிப்பில் சென்சார் துறைக்கு இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் எதைப் படித்துக்கொள்ள வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு. 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் (ஒட்டிய பொருள் நீளும்போது மின்தடை மாறும் சென்சார்), கேஜ் காரணி 2 (மின்தடையின் விகித மாற்றம் திரிபைப் போல எத்தனை மடங்கு என்பது), திரிபு 1000 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம். மின்தடை 0.7 ஓம் மாறும். அதை, நான்கு மின்தடைகளால் ஆன வீட்ஸ்டன் சமனச்சுற்றின் ஒரு கையில் வைத்து 5 வோல்ட் கொடுத்தால், சுமார் 2.5 மில்லிவோல்ட் வெளிவரும். இரண்டு விடைகளையும் புத்தகம் பார்க்காமல் வருவிக்க முடிந்தால் சுற்றுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். முடியாவிட்டால் முதல் மாதமே ஆய்வகத்தில் திணறுவீர்கள். சமனச்சுற்றையும், சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஆப்-ஆம்ப்பையும் இப்போதே பாருங்கள். அடுத்து ஃபூரியே (சமிக்ஞையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணிதம்), நிகழ்தகவு, கொஞ்சம் பைத்தான். திரிபும் அதிர்வும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மின்னணுவியல் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

பிடி-100 வெப்பநிலை சென்சாரை ஐஸ் நீரில் வைத்தால் 1.8 டிகிரி காட்டுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

இரண்டு கம்பி இணைப்பில், 0.25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் போட்டிருந்தால் அப்படித்தான் காட்டும். போக வர 10 மீட்டர், மின்தடை சுமார் 0.7 ஓம். பிடி-100 ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம்தான் மாறும்; வகுத்துப் பாருங்கள், 1.8 வரும். இதை மென்பொருளில் கழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அறை சூடேறினால் கம்பியின் மின்தடையும் மாறும். மூன்று கம்பி இணைப்பு பிழையைப் பெருமளவு நீக்கும். ஆனால் கம்பிகளின் மின்தடை சமம் என்று அது நம்புகிறது, ஒரு திருகு தளர்ந்தாலே அந்த நம்பிக்கை போய்விடும். ஆய்வகத்தில் நான்கு கம்பியே சரி.

மின்னோட்டத்தையும் பாருங்கள். 1 மில்லிஆம்பியரில் சென்சாரில் வெளியாகும் வெப்பம் 0.1 மில்லிவாட். 5 மில்லிஆம்பியர் என்றால் 25 மடங்கு. மின்னோட்டத்தைப் பாதியாக்கியதும் வெப்பநிலை இறங்கினால், சென்சார் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. ஐஸ் குளியலிலும் வெறும் ஐஸ் கட்டிகள் போதாது. காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸை நொறுக்கி, இடைவெளி நிரம்ப அதே நீரை ஊற்றிக் கலக்க வேண்டும்.

அறிக்கையில் பிழை வரம்பு எழுதவில்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். பத்து முறை அளந்து சராசரி போட்டேனே?

மதிப்பெண் போனது நியாயம்தான். நிச்சயமின்மை இல்லாத எண்ணை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. 1993-இல் முதலில் வெளியான ஜி.யூ.எம். என்ற சர்வதேச வழிகாட்டியின் முறை இது. பத்து அளவுகளின் திட்ட விலக்கம் 2 மில்லிவோல்ட் என்றால், 10-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள்: 0.63. இது ஏ வகை. மீட்டரின் விவரத்தாள் ±3 மில்லிவோல்ட் என்று மட்டும் சொன்னால், செவ்வகப் பரவல் என்று கொண்டு 3-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள்: 1.73. இது பி வகை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் 1.84, சுமார் 95 சதவீத நம்பகத்துக்கு இரண்டால் பெருக்கினால் 3.7. ஆக, சராசரி 5.0123 வோல்ட் என்றால், விடை 5.0123 ± 0.0037 வோல்ட். பெருக்கிய காரணி 2 என்பதையும் எழுதுங்கள்.

இதன் பலன் மதிப்பெண்ணோடு நிற்காது. பத்துக்குப் பதில் நூறு முறை அளந்தாலும் 3.7 என்பது 3.5 ஆகத்தான் குறையும். உங்களுக்குத் தேவை நல்ல மீட்டர், பொறுமை அல்ல.

அதிர்வு அளவீட்டில் 50 ஹெர்ட்ஸில் பெரிய முகடு. மின்சார இரைச்சல் என்று மென்பொருளில் வடிகட்டிவிடலாமா?

பொறுங்கள். வினாடிக்கு 1000 மாதிரி எடுத்தால், 950 ஹெர்ட்ஸ் அதிர்வும் 50 ஹெர்ட்ஸாகவே தெரியும். மாதிரி வேகத்தை 1100 ஆக்குங்கள். முகடு 50-லேயே நின்றால் அது மின் இரைச்சலாக இருக்கலாம்; 150-க்குத் தாவினால் போலி முகடு. போலியை மென்பொருளால் பிரிக்க முடியாது. வடிகட்டி, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.க்கு முன்னால், சுற்றிலேயே இருக்க வேண்டும்.

24 பிட் ஏ.டி.சி. வாங்கினால் துல்லியம் வந்துவிடுமா?

வராது. உள்ளீட்டு முனைகளை ஒன்றோடொன்று இணைத்து 1000 மாதிரி எடுங்கள். திட்ட விலக்கம் 5 மைக்ரோவோல்ட் என்றால், உச்சிக்கு உச்சி இரைச்சல் சுமார் 33. 5 வோல்ட் வீச்சில் அது ஏறத்தாழ 17 பிட்டுக்குச் சமம். மீதி ஏழும் வெறும் ஆட்டம். அதுவும் நுணுக்கம் மட்டுமே. துல்லியம் ஒப்பீட்டு மின்னழுத்தத்தையும் காலிபரேஷனையும் பொறுத்தது.

எங்கள் குழுவில் நான்கு நாட்டவர். தரவுக் கோப்புகளைச் சேர்த்தால் எண்கள் ஆயிரம் மடங்கு மாறிவிடுகின்றன.

சில நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். 1,250 என்பது ஒருவருக்கு ஒன்றேகால், இன்னொருவருக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது. கோப்பில் தசமத்துக்குப் புள்ளி மட்டும், ஆயிரத்துக்குப் பிரிப்பானே வேண்டாம், நெடுவரிசைத் தலைப்பில் அலகு என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கணினியின் மொழி அமைப்பையும் சரிபாருங்கள். விரிதாள் கோப்பைத் திறக்கும்போது அதுவே மாற்றிவிடும்.