வினிகர் பாட்டிலில் 5 சதவீத அசிட்டிக் அமிலம் என்று இருக்கிறது, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தால் (டைட்ரேஷன்) 5.6 வருகிறதே, ஏன்?

உங்கள் கணக்கில் தப்பில்லை. 10 மி.லி. வினிகரை 100 ஆக நீர்த்து, அதில் 20 மி.லி. எடுத்ததற்கு 18.7 மி.லி. காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்) செலவாகியிருக்கிறது. காரத்தின் செறிவு 0.1 என்று வைத்தால், 18.7 × 0.1 ÷ 20 = 0.0935. நீர்த்ததற்காகப் பத்தால் பெருக்க 0.935. அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறையான 60.05-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 56 கிராம், அதாவது 5.6 சதவீதம். சந்தேகப்பட வேண்டியது அந்த 0.1-ஐ.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையை 4 கிராம் நிறுத்து லிட்டராக்கி, '0.1 நார்மல்' (நார்மல் செறிவின் ஓர் அலகு) என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். தராசில் இருக்கும்போதே அது காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். காரத்தின் செறிவு குறைந்தால் பியூரெட்டில் (காரத்தைச் சொட்டும் அளவுக்குழாய்) அதிகம் இறங்கும், அமிலம் கூடுதலாகத் தெரியும்.

படிக ஆக்சாலிக் அமிலம் 1.576 கிராமை 250 மி.லி. அளவுக் குடுவையில் குறிவரை கரையுங்கள், அது 0.1 நார்மல். அதில் 20 மி.லி.க்கு உங்கள் காரம் 22.4 மி.லி. ஆனால், காரத்தின் செறிவு 0.0893. மேலே 0.1-க்குப் பதில் அதைப் போட்டுப் பாருங்கள், 5.0 வரும். (நார்மாலிட்டி காலாவதி என்று சண்டைக்கு வருவார்கள். மோலாரிட்டியிலேயே, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் என்றே, போடுங்கள், ஆனால் இதே அமிலம் 0.05 மோலார், ஒரு மூலக்கூறு இரண்டு காரத்தைத் தின்னும். அதை மறந்தால் விடை பாதியாகும்.)

நிறங்காட்டி ஃபீனால்ஃப்தலீன்தான். இங்கே அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீரும் சமானப் புள்ளி பி.எச். 8.7 அருகே. மெத்தில் ஆரஞ்சு 4.4-லேயே மஞ்சளாகிவிடும், அப்போது அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகியிருக்காது. வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். பிறகு மங்குவது காற்றின் வேலை, மேலும் சொட்டு விடாதீர்கள்.

பியூரெட்டைக் காரத்தாலும் பிப்பெட்டை (20 மி.லி. அளந்தெடுக்கும் குழாய்) வினிகர்க் கரைசலாலும் அலசுங்கள். கூம்புக் குடுவைக்கு வெறும் வாலைவடிநீர். அங்கே கரைசலால் அலசினால் கூடுதல் அமிலம் தங்கிவிடும். பியூரெட் முனையில் காற்றுக்குமிழி இருந்தால் வாசிப்பு பொய். புனலை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு எரிச்சல்: செய்முறைத் தேர்வில் ஆசிரியரின் விடையோடு ஒத்துப்போனால்தான் மதிப்பெண். அதனால் நோட்டில் 18.7, 18.7, 18.7 என்று அச்சடித்ததுபோல் எழுதுகிறார்கள். உண்மையில் 18.6, 18.7 என்று விழுவதே நேர்மையான அளவீடு.

மிச்சக் காரத்தை ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். கண்ணாடி மூடி ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் எடுத்தால் மறுபடி ஆக்சாலிக் அமிலத்தோடு சரிபாருங்கள்.